ஆர்ன்ஹெம் பாலம் ஏன் கைநழுவியது? 1944 மார்க்கெட் கார்டன் நடவடிக்கை: ஒரு விளக்கம்

1944 செப்டம்பர் 17 முதல் 25 வரை நெதர்லாந்தில் நேச நாடுகள் நடத்திய மார்க்கெட் கார்டன் நடவடிக்கையைப் பற்றிப் படிப்பவர்களுக்கு ஒரு குழப்பம் நேர்வது வழக்கம். அதன் மூளையாக இருந்த பிரிட்டிஷ் ஃபீல்டு மார்ஷல் மான்ட்கோமரி, அது 90 விழுக்காடு வெற்றி என்று பிற்காலத்தில் எழுதினார். வரலாற்றாசிரியர்களில் பெரும்பாலோரோ மேற்கு ஐரோப்பியப் போர்முனையில் நேச நாடுகள் கண்ட பெருந்தோல்விகளில் ஒன்றாக அதைக் கணக்கிடுகிறார்கள். எந்தெந்தப் பாலங்கள் பிடிபட்டன, எது பிடிபடவில்லை என்பதில் இரு தரப்புக்கும் கருத்து வேறுபாடு இல்லை. அந்தப் பாலங்களின் மதிப்பைக் கூட்டிப் பார்க்கும் முறையில்தான் வேறுபாடு இருக்கிறது. அதை விளங்கிக்கொள்ள, வானிலிருந்து இறங்கும் படையால் எது முடியும், எது முடியாது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

வான்வழிப் படையின் பலமும் பலவீனமும்

வான்வழிப் படை என்பது பாராசூட்டில் குதிக்கும் வீரர்களும், கிளைடர் எனப்படும் எஞ்சின் இல்லாத விமானங்களில் இழுத்து வரப்பட்டு இறக்கப்படும் வீரர்களும் சேர்ந்தது. எதிரியின் முன்னணி வரிசையைத் தாண்டி அவன் முதுகுக்குப் பின்னால் போய் இறங்க முடியும் என்பது அதன் பலம். டாங்கியையும் கனரகப் பீரங்கியையும் உடன் கொண்டுபோக முடியாது என்பது பலவீனம். தோளில் சுமப்பது, கிளைடரில் ஏற்றும் ஜீப், இலகுவான டாங்கி எதிர்ப்புப் பீரங்கி ஆகிய அளவுக்கு மேல் அதனிடம் எதுவும் இராது. இரண்டு, மூன்று நாட்களில் வெடிமருந்து தீர்ந்துவிடும்.

எனவே இத்தகைய படையின் முதன்மையான ஆயுதம் திடீர்த் தன்மை. எதிரி சுதாரித்துக்கொள்ளும் வரையுள்ள சில மணி நேரத்தில் இலக்கைப் பிடித்துவிட வேண்டும். பிடித்த பிறகு, தரைவழியாக வரும் கனரகப் படை வந்து சேரும் வரை அதைக் காக்க வேண்டும். பாலம் இலக்காக இருந்தால் இந்தக் கெடு இன்னும் இறுகுகிறது. ஒரு குன்றை மறுநாளும் பிடிக்கலாம். பாலத்தை எதிரி ஒரு விசையை அழுத்தித் தகர்த்துவிட முடியும்.

1940 மே 10 அன்று பெல்ஜியத்தின் ஆல்பர்ட் கால்வாய்ப் பாலங்களை ஜெர்மானியர்கள் கைப்பற்றிய விதமும், 1944 ஜூன் 6 அன்று நார்மண்டியில் காய்ன் கால்வாய்ப் பாலத்தை பிரிட்டிஷார் கைப்பற்றிய விதமும் இதற்குச் சான்றுகள். இரண்டிலும் கிளைடர்கள் பாலத்தை ஒட்டியே வந்து இறங்கின. நார்மண்டியில் முதல் கிளைடர் பாலத்திலிருந்து ஏறத்தாழ 50 மீட்டர் தொலைவில் நின்றது. சண்டை சுமார் பத்து நிமிடத்தில் முடிந்தது.

1944 செப்டம்பரின் நிலைமை

ஆகஸ்ட் இறுதியில் பிரான்சில் ஜெர்மன் படைகள் குலைந்து ஓடின. செப்டம்பர் 4 அன்று பெல்ஜியத்தின் பெருந்துறைமுகமான ஆன்ட்வெர்ப், பெரிய சேதமின்றி பிரிட்டிஷார் கைக்கு வந்தது. ஆனால் அந்தத் துறைமுகத்தைக் கடலோடு இணைக்கும் ஷெல்ட் முகத்துவாரத்தின் இரு கரைகளும் ஜெர்மானியர் வசமே இருந்ததால், ஒரு கப்பல்கூட உள்ளே வர முடியவில்லை. பெட்ரோலும் குண்டுகளும் நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால், நார்மண்டியிலிருந்து லாரிகளில் வந்துகொண்டிருந்தன. எல்லாப் படைகளும் ஒரே நேரத்தில் முன்னேறுவதற்கு அது போதவில்லை.

இந்த நேரத்தில்தான் மான்ட்கோமரி, இருக்கும் பொருளையெல்லாம் ஒரே முனையில் குவித்து வடக்கே பாய வேண்டும் என்று வாதாடினார். ஜெர்மனியின் மேற்கு எல்லைக் கோட்டையரணான ஸீக்ஃபிரீட் கோடு நெதர்லாந்துக்கு அருகே முடிந்துவிடுகிறது. ரைன் ஆற்றை ஆர்ன்ஹெமில் கடந்துவிட்டால் அந்த அரணைச் சுற்றிக்கொண்டு, ஜெர்மனியின் தொழில் இதயமான ரூர் பகுதியை வடக்கிலிருந்து வளைக்கலாம் என்பது அவர் கணக்கு. நெதர்லாந்திலிருந்து லண்டன் மீது வி-2 ராக்கெட்டுகள் செப்டம்பர் 8 முதல் விழத் தொடங்கியிருந்ததும் அவசரத்தைக் கூட்டியது. தலைமைத் தளபதி ஐசன்ஹோவர் செப்டம்பர் 10 அன்று பிரசெல்ஸில் நடந்த சந்திப்பில் இசைவு தந்தார். திட்டம் தீட்டக் கிடைத்தவை ஏழே நாட்கள்.

திட்டத்தின் அமைப்பு

பெயரில் உள்ள இரு சொற்களும் இரு பகுதிகளைக் குறித்தன. மார்க்கெட் என்பது வான்வழித் தாக்குதல். கார்டன் என்பது தரைவழி முன்னேற்றம். பெல்ஜிய எல்லையிலிருந்து ஆர்ன்ஹெம் வரை சுமார் 100 கிலோமீட்டர் நீளமுள்ள ஒரு சாலை; அதைக் குறுக்கே வெட்டும் ஆறுகளும் கால்வாய்களும். ஏறத்தாழ 35,000 வான்வழி வீரர்கள் அந்தப் பாலங்களைப் பிடித்து ஒரு கம்பளம்போல் விரிப்பார்கள். அதன்மேல் ஜெனரல் ஹாரக்ஸின் 30ஆவது பிரிட்டிஷ் கோர் டாங்கிகளோடு இரண்டு, மூன்று நாட்களில் ஆர்ன்ஹெம் சேரும். தெற்கிலிருந்து வடக்காகப் பொறுப்புகள் இப்படிப் பிரிக்கப்பட்டன (பட்டாலியன்கள் சேர்ந்தது பிரிகேடு, பிரிகேடுகள் சேர்ந்தது டிவிஷன், டிவிஷன்கள் சேர்ந்தது கோர்):

1. அமெரிக்க 101ஆவது டிவிஷன்: ஐன்ட்ஹோவன் நகரும், சோன், வெஹல் ஊர்களில் உள்ள கால்வாய், ஆற்றுப் பாலங்களும்.
2. அமெரிக்க 82ஆவது டிவிஷன்: கிராவேயில் மாஸ் ஆற்றுப் பாலம், மாஸ்-வால் கால்வாய்ப் பாலங்கள், நைமேகனில் வால் ஆற்றுப் பெரும்பாலம், கூடவே ஜெர்மன் எல்லையை ஒட்டிய ஹ்ரூஸ்பேக் மேட்டுநிலம்.
3. பிரிட்டிஷ் 1ஆவது வான்வழி டிவிஷனும், ஜெனரல் சோசபோவ்ஸ்கியின் போலந்து பாராசூட் பிரிகேடும்: ஆர்ன்ஹெமில் ரைனின் கிளையான கீழ்ரைன் ஆற்றுப் பாலம்.

இங்கே ஒரு எளிய கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். ஒவ்வொரு பெரிய தடையையும் முழுதாகக் கடக்கப் பத்தில் ஒன்பது வாய்ப்பு இருப்பதாகத் தாராளமாக வைத்துக்கொள்வோம். வழியில் இருந்த அப்படிப்பட்ட 6 தடைகளையும் வரிசையாகக் கடக்கும் வாய்ப்பு 0.9-ஐ 6 முறை பெருக்கினால் வருவது, அதாவது 53 விழுக்காடு. கிட்டத்தட்டப் பூவா தலையா போடுவதற்குச் சமம். மான்ட்கோமரியின் 90 விழுக்காடு, பாலங்களைத் தனித்தனிப் பரிசுகளாக எண்ணிக் கூட்டியதால் வந்தது. உண்மையில் மற்றப் பாலங்களுக்கு மதிப்புத் தந்ததே ஆர்ன்ஹெம்தான். அது இல்லாமல் போனபோது மிஞ்சியது, எதிரி நிலத்துக்குள் நீண்டு ஆற்றங்கரையில் முடிந்த ஒரு குறுகிய நிலப்பட்டை.

ஆபத்து மிகுந்த திட்டம் என்பதற்காக மட்டும் அதைக் குறை சொல்லிவிட முடியாது. போரில் ஆபத்தில்லாத திட்டம் அரிது. குறை வேறிடத்தில் இருந்தது. சங்கிலியின் கடைசிக் கண்ணி மிகத் தொலைவில் இருந்தது, மிக நீண்ட நேரம் தனித்து நிற்க வேண்டியிருந்தது. அதற்கே மிகக் குறைந்த திடீர்த் தன்மை ஒதுக்கப்பட்டது.

புறப்படுமுன் எடுத்த மூன்று முடிவுகள்

1. ஒரு நாளைக்கு ஒரு நடைதான். இருந்த விமானங்கள் படை முழுவதையும் ஒரே நடையில் ஏற்றப் போதா. முதல் நாளிலேயே இரண்டு நடை போகலாம் என்ற யோசனையை, விமானிகளின் களைப்பையும் பராமரிப்பு நேரத்தையும் காட்டி வான்வழிப் படைத் தளபதி பிரெரிட்டனும் போக்குவரத்து விமானப் பிரிவும் ஒதுக்கினார்கள். ஆக, படை மூன்று நாட்களில் துண்டு துண்டாகப் போய்ச் சேர வேண்டியதாயிற்று. தெற்குப் பாலங்கள் இல்லாமல் வடக்குப் பாலத்தால் பயனில்லை என்பதால் முதல் நடையில் அமெரிக்க டிவிஷன்களுக்கு முன்னுரிமை தரப்பட்டது. ஆர்ன்ஹெமுக்கு டிவிஷனில் பாதியே போனது. இந்த நெருக்கடியிலும் வான்வழிக் கோரின் தளபதி பிரவுனிங் தன் தலைமையகத்தை முதல் நாளே நைமேகன் அருகே இறக்க 38 கிளைடர்களைப் பயன்படுத்திக்கொண்டார். ஒரு பட்டாலியனை ஏற்றிச் செல்லப் போதுமான எண்ணிக்கை அது. அங்கே முதல் இரண்டு நாட்களில் அந்தத் தலைமையகம் செய்ததாகச் சொல்லத்தக்கது அதிகமில்லை.

2. இறங்கும் இடம் தொலைவில். ஆர்ன்ஹெம் பாலத்துக்கும் டேலன் விமானதளத்துக்கும் அருகே விமான எதிர்ப்புப் பீரங்கிகள் அடர்ந்திருப்பதாகவும், பாலத்தின் தென்கரைத் தாழ்நிலம் சதுப்பானது என்றும் விமானப்படை அஞ்சியது. எனவே பாலத்துக்கு மேற்கே 8 முதல் 13 கிலோமீட்டர் தொலைவில் உள்ள திறந்த வெளிகள் தேர்வாயின. தென்கரை உண்மையிலேயே இறங்கத் தகாத நிலமா என்ற ஐயத்துக்குத் திட்டமே விடை தருகிறது: மூன்றாம் நாளில் போலந்து பிரிகேடு இறங்க வேண்டிய இடமாக அதே தென்கரைதான் குறிக்கப்பட்டிருந்தது.

3. பாதுகாக்க வேண்டிய களம். மறுநாள் வரும் இரண்டாம் நடை பத்திரமாக இறங்க வேண்டுமானால் அந்த வெளிகளை ஒரு பிரிகேடு காவல் காக்க வேண்டும். முதல் நாள் இறங்கியதே பாதி டிவிஷன். அதிலும் ஏறத்தாழ பாதி, பாலத்தின் பக்கமே போகாமல் புல்வெளியைக் காத்து நின்றது.

இந்த மூன்றும் ஒன்றையொன்று பெருக்கின. பத்தாயிரம் பேரை அனுப்பத் திட்டமிட்ட பாலத்தை நோக்கி முதல் மாலையில் நடந்தவை மூன்று பட்டாலியன்கள் மட்டுமே.

ஆர்ன்ஹெமில் முதல் மாலை

செப்டம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. பிற்பகல் ஒரு மணிவாக்கில் தொடங்கிய இறக்கம் ஏறக்குறையப் பயிற்சி போலவே குறையின்றி நடந்தது. ஜீப்புகளில் முன்னால் விரைந்து பாலத்தைப் பிடிக்க அனுப்பப்பட்ட வேவுப் பிரிவு, வொல்ஃப்ஹேஸ ஊரருகே பதுங்கியிருந்த ஜெர்மானியர்களிடம் சிக்கியது. கால்நடையாகப் போன மூன்று பட்டாலியன்களில் இரண்டு, வடக்கு, நடு வழிகளில் தடுத்து நிறுத்தப்பட்டன. முதலில் வழிமறித்தது மேஜர் கிராஃப்ட் என்பவரின் எஸ்.எஸ். (நாஜிக் கட்சியின் படை) பயிற்சிப் பட்டாலியன், சில நூறு பேர், தற்செயலாக அந்தக் காட்டில் இருந்தவர்கள்.

ஆற்றங்கரை வழியாகப் போன லெப்டினன்ட் கர்னல் ஜான் ஃபிராஸ்டின் 2ஆவது பட்டாலியன் மட்டும் இடைவெளியில் நுழைந்தது. வழியில் இருந்த ரயில் பாலம், அதன்மேல் வீரர்கள் ஏறியபோதே தகர்க்கப்பட்டது. இரவு எட்டு மணிவாக்கில் ஃபிராஸ்டின் ஆட்கள் சாலைப் பாலத்தின் வடமுனையை அடைந்தார்கள். இறங்கியதிலிருந்து ஏழு மணி நேரம். அதற்குச் சற்று முன்புதான் 9ஆவது எஸ்.எஸ். டிவிஷனின் வேவுப் பட்டாலியன் அதே பாலத்தைக் கடந்து நைமேகன் பக்கம் போயிருந்தது.

பாலத்தைச் சுற்றிச் சேர்ந்தவர்கள் மொத்தம் சுமார் 740 பேர். பாலத்தின் சாய்தளத்தை ஒட்டிய வீடுகளில் சன்னல் கண்ணாடிகளை உடைத்து, அறைக்கலன்களை அடுக்கி அரணாக்கிக்கொண்டார்கள். மறுநாள் காலை அந்த வேவுப் பட்டாலியன் தெற்கிலிருந்து கவச வண்டிகளோடு பாலத்தின் வழியே பாய்ந்து திரும்ப முயன்றது. முதல் சில வண்டிகள் தப்பிச் சென்றன, பின்னால் வந்தவை எரிந்து பாலத்தை அடைத்துக்கொண்டன, அதன் தளபதி கிராப்னரும் மாண்டார். அதன் பிறகு ஜெர்மானியர்கள் நேராக மோதுவதை விட்டு, வீடுகளை ஒவ்வொன்றாகப் பீரங்கியால் எரித்தார்கள். நிலவறைகளில் காயமுற்றோர் நிரம்பினார்கள். 20ஆம் தேதி ஃபிராஸ்டும் காயமுற்றார். அன்று மாலை சிறு போர்நிறுத்தம் செய்து காயமுற்றவர்களை ஜெர்மானியர்களிடமே ஒப்படைக்க வேண்டியதாயிற்று. 21ஆம் தேதி காலையோடு எதிர்ப்பு ஓய்ந்தது. முழு டிவிஷனும் இரண்டு நாட்கள் காக்கும் என்று எண்ணிய பாலத்தை, ஒரு பட்டாலியனும் உதிரிகளும் மூன்று நாட்களுக்கு மேல் காத்து நின்றார்கள்.

இதே ஞாயிறன்று தெற்கே நடந்ததை ஒப்பிட்டால் காரணம் தெளிவாகும். கிராவேயில் அமெரிக்கர்கள் மாஸ் பாலத்தின் இரு முனைகளிலும் இறங்கினார்கள். நீண்ட அந்தப் பாலம் சில மணி நேரத்தில் முழுதாகக் கைக்கு வந்தது. வெஹலிலும் அருகே இறங்கியதால் பாலங்கள் பிடிபட்டன. சோனில் சற்றுத் தள்ளி இறங்கி நடந்து போனவர்கள், பாலத்தை நெருங்கியபோது அது கண்முன்னே வெடித்துச் சிதறியது.

சாலையும் நைமேகனும்

தரைப்படையின் வழி ஒற்றைச் சாலை. இருபுறமும் ஈரமான தாழ்நிலம். டாங்கி சாலையை விட்டு இறங்கினால் புதையும், சாலையிலேயே நின்றால் உயரத்தில் துலக்கமாகத் தெரியும். இந்தச் சாலையில்தான் சுமார் 20,000 வண்டிகள் போக வேண்டும். முதல் நாள் பிற்பகல் தாக்குதல் தொடங்கிய சற்று நேரத்திலேயே ஒன்பது டாங்கிகள் அழிந்தன. அன்றிரவு ஐன்ட்ஹோவனுக்குள் இருக்க வேண்டிய படை, அதற்கு முன்னே வால்கன்ஸ்வார்டில் தங்கியது. சோனில் உடைந்த பாலத்துக்குப் பதிலாக, பாகங்களைக் கோத்து அமைக்கும் பெய்லி பாலத்தைப் பொறியாளர்கள் ஓர் இரவில் போட்டு முடித்தார்கள். 19ஆம் தேதி காலை டாங்கிகள் அதைக் கடந்தன. தாமதம் ஒன்றரை நாள்.

நைமேகனில் வேறு சிக்கல். 82ஆவது டிவிஷனின் தளபதி கேவினும் பிரவுனிங்கும், ஜெர்மன் எதிர்த்தாக்குதல் வரக்கூடிய ஹ்ரூஸ்பேக் மேட்டைப் பாலத்தைவிட முதன்மையாகக் கருதினார்கள். பாலத்துக்கு முதல் நாள் இரவில் அனுப்பப்பட்டது சிறு படை. அது போய்ச் சேருவதற்குள் ஜெர்மானியர்கள் வந்துவிட்டார்கள். மேடு போனால் பாலத்தைப் பிடித்தும் பயனிராது என்ற அவர்கள் வாதத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் ஆர்ன்ஹெமில் மணி ஓடிக்கொண்டிருந்த நிலையில், அந்த நியாயத்துக்குக் கொடுத்த விலை மூன்று நாட்கள்.

20ஆம் தேதி பிற்பகல் மூன்று மணிக்கு மேஜர் ஜூலியன் குக்கின் பட்டாலியன், 26 கான்வாஸ் படகுகளில், பகல் வெளிச்சத்தில் வால் ஆற்றைக் கடந்தது. படகுகள் சாலை நெரிசலில் சிக்கித் தாமதமாக வந்ததால்தான் இரவில் செய்ய வேண்டியதைப் பகலில் செய்ய நேர்ந்தது. துடுப்பு போதாமல் துப்பாக்கிக் கட்டையால் நீரைத் தள்ளினார்கள். முதல் நடையில் போன படகுகளில் ஏறத்தாழ பாதியே திரும்பி வந்தன. அவர்கள் வடகரையைப் பிடிக்கவும், பிரிட்டிஷ் டாங்கிகள் பாலத்தின்மேல் பாயவும், மாலையில் பாலம் முழுதாகக் கைக்கு வந்தது. பிறகு டாங்கிகள் அக்கரையில் நின்றுவிட்டன. ஆர்ன்ஹெம் இன்னும் 17 கிலோமீட்டர். உடனே பாய்ந்திருக்க வேண்டும் என்று அன்றே அமெரிக்கர்கள் கொதித்தார்கள். காலாட்படை இல்லாமல், இருட்டில், ஒற்றைக் கரைச்சாலையில் சில டாங்கிகளை அனுப்புவது தற்கொலை என்பது பிரிட்டிஷ் பதில். வாதம் இன்றும் ஓய்ந்தபாடில்லை. அதே இரவில் ஃபிராஸ்டின் அணி முறிந்துகொண்டிருந்ததைக் கணக்கில் எடுத்தால், அந்தக் கட்டத்தில் எந்த முடிவும் பாலத்தை மீட்டிருக்கும் என்று நான் கருதவில்லை.

வழக்கமாகச் சொல்லப்படும் காரணங்கள்

எஸ்.எஸ். டாங்கி டிவிஷன்கள் இருந்தது பெரிய காரணமாகச் சொல்லப்படுகிறது. ஜெர்மன் தளபதி பிட்ரிக்கின் கோரைச் சேர்ந்த 9, 10ஆவது டிவிஷன்கள் ஆர்ன்ஹெம் அருகே ஓய்வில் இருந்தது உண்மை. அவை பற்றிய தகவல் முன்கூட்டியே வந்திருந்தும் மதிக்கப்படவில்லை என்பதும் உண்மை. புகைப்படங்களைக் காட்டி எச்சரித்த உளவு அதிகாரி மேஜர் பிரையன் அர்க்கர்ட் மருத்துவ விடுப்பில் அனுப்பப்பட்டார். ஆயினும் நார்மண்டியில் அடிபட்டு வந்த அவற்றிடம் முதல் நாள் டாங்கிகள் மிகச் சிலவே இருந்தன. முதல் மாலையைத் தீர்மானித்தது, கிடைத்த ஆட்களைத் திரட்டி உடனே வழிமறித்த வேகம்.

வானொலிக் கருவிகள் காட்டிலும் ஊரிலும் செயலிழந்தன. டிவிஷன் தளபதி அர்க்கர்ட், மேற்சொன்ன மேஜருக்கு உறவில்லாத வேறொருவர், நிலைமையறிய நேரில் போய், எதிரி வளைத்த தெருவில் ஒரு வீட்டின் பரணில் பதுங்கி, ஒன்றரை நாள் தொடர்பற்றுப் போனார். இங்கிலாந்தின் மூடுபனி 18ஆம் தேதி இரண்டாம் நடையை மணிக்கணக்கில் தாமதப்படுத்தியது. போலந்து பிரிகேடின் பெரும்பகுதி 21ஆம் தேதிதான், அதுவும் டிரீலில், ஆற்றின் மறுகரையில் இறங்கியது. இவையெல்லாம் காயத்தை ஆழமாக்கின. ஆனால் செப்டம்பர் மாத ஐரோப்பாவில் மூன்று நாட்கள் தொடர்ந்து தெளிந்த வானத்தை நம்பிய திட்டம் பனியைக் குறை சொல்ல முடியாது.

விளைவுகள்

பாலத்தை இழந்த டிவிஷனின் எச்சம் ஓஸ்டர்பேக் ஊரில் ஆற்றை முதுகாக வைத்து வளையத்துக்குள் சுருங்கியது. விமானங்கள் போட்ட உணவும் குண்டும் பெரும்பாலும், முன்பே குறித்த ஆனால் இப்போது ஜெர்மானியர் வசமிருந்த இடங்களில் விழுந்தன. 25ஆம் தேதி இரவு மழையில், படகுகளிலும் நீந்தியும் சுமார் 2,400 பேர் தென்கரை சேர்ந்தார்கள். ஆர்ன்ஹெமுக்குப் போனவர்கள் பத்தாயிரத்துக்கு மேல். ஏறத்தாழ 1,500 பேர் மாண்டார்கள், ஆறாயிரத்துக்கு மேற்பட்டோர் சிறைப்பட்டார்கள்.

போலந்துத் தளபதி சோசபோவ்ஸ்கி தொடக்கத்திலிருந்தே திட்டத்தின் ஓட்டைகளைச் சுட்டியவர். பழி அவர்மீது திருப்பப்பட்டு, அந்த ஆண்டு டிசம்பரில் பதவி பறிக்கப்பட்டது. நெதர்லாந்து அரசு 2006இல், அவர் மறைவுக்குப் பிறகு, விருதளித்தது.

நெதர்லாந்து மக்கள் கொடுத்த விலை இதனினும் பெரிது. நடவடிக்கைக்குத் துணையாக லண்டனில் இருந்த அவர்களது அரசு ரயில்வே வேலைநிறுத்தத்துக்கு அழைப்பு விட, ஜெர்மானியர்கள் பதிலடியாக மேற்கு நெதர்லாந்துக்கு உணவு போவதைத் தடுத்தார்கள். அந்தத் தடையோடு எரிபொருள் பஞ்சமும் கடுங்குளிரும் சேர, 1944-45 பசிக் குளிர்காலத்தில் சுமார் 20,000 பேர் இறந்தார்கள். ஆர்ன்ஹெம் மக்கள் ஊரைவிட்டே வெளியேற்றப்பட்டார்கள். நகரம் 1945 ஏப்ரலில்தான் விடுதலையானது.

ஷெல்ட் முகத்துவாரத்தைத் திறக்கும் வேலையும் பின்தள்ளப்பட்டது. ஜெர்மானியர்கள் அங்கே அரண்களை வலுப்படுத்த, கனடியப் படைகள் அக்டோபர் முழுவதும், நவம்பர் தொடக்கம் வரையிலும் பெருவிலை கொடுத்துப் போரிட நேர்ந்தது. ஆன்ட்வெர்ப்புக்கு முதல் சரக்குக் கப்பல் தொகுதி நவம்பர் 28 அன்றுதான் வந்தது. ஆர்ன்ஹெம் பாலம் பிடிபட்டிருந்தாலும், இந்தத் துறைமுகம் இல்லாமல் ரைனுக்கு அப்பால் ஒரு பெரும்படைக்குத் தீனி போட்டிருக்க முடியுமா என்பது ஐயமே.

ரைன் நதியை நேச நாடுகள் 1945 மார்ச்சில் கடந்தன. அம்மாதம் 24ஆம் தேதி வெசல் அருகே நடந்த வார்சிட்டி நடவடிக்கையில் இரண்டு வான்வழி டிவிஷன்கள் ஒரே நடையில் இறக்கப்பட்டன; தரைப்படை முந்தின இரவே ஆற்றைக் கடக்கத் தொடங்கியிருந்தது; இறங்கிய இடங்கள் நேச நாட்டுப் பீரங்கிகளின் எட்டும் தொலைவுக்குள் இருந்தன; அன்றே இரு படைகளும் கைகோத்தன. அவ்வளவு செய்தும், முதல் நாளிலேயே உயிரிழந்தோரும் காயமுற்றோரும் ஆயிரக்கணக்கில் இருந்தனர்.